பஸ் ஓட்டுநருக்கு எல்லாம் தெரியுமாம், கேட்டுக்குங்க

ஐந்தாம்கியர் | இரவு 8:52
கோப்பிக்கடை அரட்டைத் திரியில் நேற்று நடைராஜா அருளிய வாக்கு: "பஸ் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் சுவர் மாதிரிக் கண்ணாடி. சாலையைக் கடக்கிற மனுஷன் அவர் கண்ணுக்குத் தப்ப வழியே இல்லை. மோதினால் கையில் போன் இருந்தது என்று அர்த்தம்." அதற்குக் கைதட்டல் வேறு. அதனால்தான் தனித் திரி.

உயரமாம்! இப்போது சிங்கப்பூரில் ஓடுவதெல்லாம் தாழ்தள பஸ். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர், அவ்வளவுதான். லாரிக்காரர் இதைவிட மேலே உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி பெரிசுதான், மறுக்கவில்லை. அந்தக் கண்ணாடியை எது தாங்குகிறது? கண்ணாடியின் ஓரத்தில், ஓட்டுநர் பக்கம் நிற்கிற வலது முன்தூண். ஏ-பில்லர். அகலம் 15 செ.மீ., கண்ணிலிருந்து 1 மீட்டர் என்று வையுங்கள். 10 மீட்டர் தள்ளி அது மறைக்கிற இடம் ஒன்றரை மீட்டர். குடை பிடித்த ஒரு ஆள் தாராளமாக உள்ளே போய்விடுவார்.

நடைராஜா | இரவு 9:07
என் பெயரில் திரி திறந்ததற்கு நன்றி. தூணுக்குப் பின்னால் நிற்பவர் என்ன, ராஃபிள்ஸ் சிலையா? நடக்கிறார். பஸ்ஸும் நகர்கிறது. ஒரு நொடி மறைந்தால் அடுத்த நொடி வெளியே வந்தாக வேண்டும். தூண் தூண் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

ஐந்தாம்கியர் | இரவு 9:15
இங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். நேராகப் போகிற பஸ்ஸுக்கு நீங்கள் சொல்வது சரி. வலப்பக்கம் திரும்புகிற பஸ்ஸில் தூணும் சேர்ந்து திரும்புகிறது. நடப்பவர் இருக்கிற கோணமும் தூணின் கோணமும் ஒரே வேகத்தில் மாறினால், அவர் தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்வார். கப்பல்காரர்களுக்கு இது பால பாடம்: எதிரே வரும் கப்பலின் திசைக்கோணம் மாறவில்லை, தூரம் மட்டும் குறைகிறது என்றால் மோதல் நிச்சயம். அங்கே கப்பலாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே ஆளே தெரிவதில்லை.

போன் விஷயம். 2015 முதல் ஓட்டும்போது கையில் எந்தக் கைக்கருவியைப் பிடித்தாலும் குற்றம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கேமரா. வேலையை வைத்துச் சூதாடுகிறவர் ரொம்பக் குறைவு.

சொல்லேருழவன் | இரவு 9:21
இரு தரப்பினருக்கும் பணிவான விண்ணப்பம். பஸ் அன்று, பேருந்து. போன் அன்று, கைப்பேசி. ஏ-பில்லருக்கு "முன்தூண்" என்ற நல்ல சொல்லை எழுதிவிட்டு உடனே ஆங்கிலத்தை ஏன் ஒட்ட வேண்டும்?

ஈசூன்வாசி | இரவு 9:24
ஐயா, தமிழ் வகுப்பு அடுத்த திரியில்.

கணக்கன் | இரவு 9:38
மொழிச் சண்டை இருக்கட்டும். ஐந்தாம்கியர் அண்ணே, உங்கள் ஒன்றரை மீட்டர் ஒற்றைக் கண்ணுக்கான கணக்கு. ஓட்டுநருக்கு இரண்டு கண். நடுவே 6.5 செ.மீ. இடைவெளி. இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து மறைகிற அகலம் வேண்டுமென்றால் தூணிலிருந்து அந்த 6.5-ஐக் கழித்து, மிச்சமுள்ள 8.5-ஐத் தூணுக்கு அப்பாலுள்ள 9 மீட்டருக்கு விரிக்க வேண்டும். 76.5 வருகிறது. தூணின் 15-ஐக் கூட்டினால் 91.5 செ.மீ. ஒரு மீட்டர்கூட இல்லை.

நடைராஜா | இரவு 9:40
ஹா! ஒன்றரை மீட்டர் ஒரே பதிவில் 90 செ.மீ. ஆகிவிட்டது. குடையை மடக்குங்கள் அண்ணே.

ஐந்தாம்கியர் | இரவு 9:49
கணக்கன் தம்பி ஏட்டில் உள்ள தூணை அளக்கிறார். பஸ்ஸில் தூண் தனியாக நிற்பதில்லை. பின்னால் பார்க்கிற பக்கத்துக் கண்ணாடியின் தாங்கி இருக்கிறது, ஜன்னல் ஓரச் சட்டம் இருக்கிறது, கட்டண இயந்திரத்தின் திரை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 25 செ.மீ. வையுங்கள். உங்கள் கணக்கையே போடுங்கள்: 18.5 பெருக்கல் 9, கூட்டல் 25. 191 செ.மீ.! நான் குறைத்துத்தான் சொன்னேன்.

நடைராஜா | இரவு 9:52
கட்டணத் திரை ஏறுகிற வாசல் பக்கம், இடப்பக்கம். வலது தூணோடு அதை எப்படிச் சேர்த்தீர்கள்? தூணுக்குச் சதை பிடிக்க வைக்கிறீர்களா?

ஐந்தாம்கியர் | இரவு 9:54
திரையை விடுங்கள். கண்ணாடித் தாங்கி?

மூலைக்கடை_மீனா | இரவு 10:02
90 செ.மீ. என்றாலும் ஒரு ஆள் முழுசாக மறைவார். தோள் அகலம் 45, 50 செ.மீ.தானே? பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் மறைவார்கள். அப்புறம் இந்தச் சண்டை எதற்கு? "மறைவது" என்று எதைச் சொல்கிறீர்கள், முழு உடம்பா, பாதியா? அதையாவது முதலில் முடிவு பண்ணுங்கள்.

கணக்கன் | இரவு 10:04
91.5. தசமத்தை விட வேண்டாம்.

நடைராஜா | இரவு 10:11
சரி, தூண் மறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்களே, திரும்புவதற்கு முன்னும் திரும்பும்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் சாய்ந்து தூணைத் தாண்டிப் பார் என்று. தலை 15 செ.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் தூண் மறைக்கிற நிழல் 135 செ.மீ. நகரும். கணக்கனின் 91.5 முழுவதும் வெளியே வந்துவிடும். சாய்ந்து பார்க்காதது தூணின் தப்பா, ஆளின் தப்பா?

கணக்கன் | இரவு 10:19
இடைமறிக்கிறேன். 135 என்பது பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே தலையை நகர்த்தினால். முன்னுக்குச் சாய்ந்தால், தூண் 45 பாகைக் கோணத்தில் இருப்பதால், குறுக்கு நகர்வு 10.6 செ.மீ.தான். நிழல் நகர்வது 95. 91.5-ஐ மயிரிழையில் தாண்டுகிறது.

ஐந்தாம்கியர் | இரவு 10:23
191-ஐத் தாண்டாது. அதைச் சொல்லுங்கள்.

கணக்கன் | இரவு 10:24
உங்கள் 25 செ.மீ.யை நான் ஏற்கவே இல்லை.

பச்சைமனிதன் | இரவு 10:41
தூணை விட்டுவிட்டு சிக்னலுக்கு வாருங்கள். ஓட்டுநர் கண் எங்கே போகிறது என்று யாராவது யோசித்தீர்களா? அம்பு விளக்கு இல்லாத சந்திப்பில் பச்சை விழுந்ததும் பஸ் நடுவரைக்கும் வந்து நிற்கும். எதிர்வரிசையில் வண்டி ஓயாது. ஓட்டுநர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் டாக்சி ஹாரன். இடைவெளி பெரும்பாலும் கிடைப்பது பச்சையின் கடைசியில். அதே நேரம் பஸ் திரும்பி நுழைகிற சாலையின் பாதசாரிக் கடப்பில் பச்சை மனிதன் விளக்கு மினுக்கிக்கொண்டு எண் இறங்குகிறது. மினுக்க ஆரம்பித்தபின் புதிதாக இறங்கக்கூடாது. ஆனால் ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கலாம், வண்டி அவருக்கு வழிவிட வேண்டும். அப்போது கடப்பில் மிச்சமிருப்பது யார்? மெதுவாக நடக்கிறவர். முதியவர், நடைவண்டிக்காரர்.

இவர்கள் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் தட்டினால் கடப்பின் நீளத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி கூடுதலாகக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அம்பு இல்லாத சந்திப்பில் அந்தக் கூடுதல் வினாடியும் திரும்புகிற பஸ்ஸோடு பங்கு போட்டுக்கொண்ட வினாடிதான். 2018-க்குப் பிறகு சிவப்பு-மஞ்சள்-பச்சை அம்பை இத்தனை சந்திப்புகளில் பொருத்தியதே இதற்காக. பச்சை அம்பு எரியும்போது அந்தக் கடப்பில் சிவப்பு மனிதன். தூண் 15-ஆ 25-ஆ என்ற கேள்வியே எழாது.

ஈசூன்வாசி | இரவு 10:50
இப்படித்தான் தேக்காவில் சிராங்கூன் சாலையில் எதிரே வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே பஸ் வலப்பக்கம் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாருங்கள்.

பச்சைமனிதன் | இரவு 10:53
தேக்கா பக்கம் சிராங்கூன் சாலை ஒருவழிச் சாலை. எதிரே எந்த வண்டி வரும்?

ஈசூன்வாசி | இரவு 10:55
ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன் லா. முக்கியமானது என்ன? பாதி ஆட்கள் கடப்பிலேயே கடப்பதில்லை. 50 மீட்டருக்குள் கடப்பு இருக்கும்போது வேறு இடத்தில் இறங்குவது குற்றம். நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை. இதை எந்தத் திரியிலும் யாரும் பேசுவதில்லை.

நடைராஜா | இரவு 10:58
மின்சைக்கிள் திரியிலும் இதே பாட்டைத்தான் பாடினீர்கள். அங்கேயும் கடைசியில் குற்றவாளி நடந்து போனவர்தான். பச்சை மனிதன் எரியும்போது கடப்பில் நடக்கிறவரைப் பற்றிப் பேசுகிறோம். 50 மீட்டர் எங்கே நுழைந்தது?

சொல்லேருழவன் | இரவு 11:03
மின்மிதிவண்டி.

ஐந்தாம்கியர் | இரவு 11:17
எல்லாரும் தாளம் தப்புகிறீர்கள். வேகத்துக்கு வருகிறேன், பிறகு தூணுக்குத் திரும்புவேன்.

பஸ் பிரேக் காற்றில் இயங்குவது. மிதித்த கணமே பிடிக்காது. குழாயில் அழுத்தம் ஏறிச் சக்கரத்துக்குப் போக வேண்டும். பஸ்களுக்கான ஐநா பிரேக் விதி 13, 60 கி.மீ. வேகத்திலிருந்து 36.7 மீட்டருக்குள் நிற்கச் சொல்கிறது. அதில் 9 மீட்டர், அழுத்தம் ஏறும் தாமதத்துக்கென்றே ஒதுக்கியது. இதில் ஓட்டுநர் யோசிக்கிற நேரம் சேரவில்லை.

இனித் திருப்பத்துக்கு வாருங்கள். 20 கி.மீ. வேகம், நொடிக்கு 5.6 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் நகர ஒன்றரை நொடி: 8.3 மீட்டர். காற்றுக்கு 0.3 நொடி: 1.7 மீட்டர். முழு பிரேக்கில் இன்னும் 3 மீட்டர். மொத்தம் 13. தூண் நிழலிலிருந்து ஆள் 10 மீட்டரில் வெளியே வந்தால் கதை முடிந்தது. அதுவே 10 கி.மீ. வேகத்தில் என்றால் மொத்தம் 6 மீட்டருக்குள் நின்றுவிடும். முழு பிரேக் என்றால் பாதி புவியீர்ப்பு அளவுக்கு இழுவை; படியோரம் பிடியில்லாமல் நிற்கிற அம்மா முன்கண்ணாடிவரை போவார். அதனால் ஓட்டுநர் கால் தயங்கும். உள்ளே விழுந்தாலும் அவர் தலைதான், வெளியே மோதினாலும் அவர் தலைதான்.

நடைராஜா | இரவு 11:22
ஆக, 10 கி.மீ.யில் திரும்பினால் தூண் இருந்தும் மோதாது. நீங்களே சொன்னீர்கள். வேகம் யார் காலில் இருக்கிறது?

ஐந்தாம்கியர் | இரவு 11:25
தூண் யார் கையில் இருக்கிறது? பஸ்ஸை வடிவமைத்தவர் கையில். மெல்லிய தூண், தாங்கியை மேலே தூக்கிக் கட்டிய கண்ணாடி, இல்லையென்றால் கண்ணாடிக்குப் பதில் கேமரா, எல்லாம் வந்துவிட்டன. லண்டனில் லாரிக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடிப் பார்வை எவ்வளவு என்று நட்சத்திர மதிப்பெண் போட்டே அனுமதி கொடுக்கிறார்கள். தூணுக்கு மதிப்பெண்! அதையும் ஒற்றைக் கண் கணக்கு என்பீர்களா?

கணக்கன் | இரவு 11:28
லண்டனுக்குப் போனாலும் கண் இரண்டுதான்.

மூலைக்கடை_மீனா | இரவு 11:36
இடப்பக்கத் திருப்பத்தை யாரும் தொடவே இல்லை. 12 மீட்டர் பஸ்ஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கிட்டத்தட்ட 6 மீட்டர். முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் பின்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் வரும். 2 மீட்டர் உள்வெட்டு. பஸ் மூக்கு தாண்டிவிட்டது என்று நடைபாதை விளிம்பில் ஒரு அடி முன்னால் வைக்கிறவர் காலில்தான் பின்சக்கரம் ஏறும். இதற்கு வலது தூண் காரணமே இல்லை. விளிம்பிலிருந்து இரண்டு அடி பின்னால் நில்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது. பஸ் நிறுத்தத்திலும் அதேதான், மஞ்சள் கோட்டைத் தாண்டித் தலை நீட்டினால் பக்கத்துக் கண்ணாடி வந்து அடிக்கும்.

ஐந்தாம்கியர் | இரவு 11:39
இடது தூண் என்று ஒன்று இருக்கிறது, மீனா.

ஈசூன்வாசி | இரவு 11:44
ஒரு சந்தேகம். சிங்கப்பூர் பஸ் எல்லாம் ஆட்டோமேட்டிக். இதில் ஐந்தாம் கியர் எங்கே இருக்கிறது?

நடைராஜா | இரவு 11:45
தூணுக்குப் பின்னால் இருக்கும்.

ஐந்தாம்கியர் | இரவு 11:51
பெயரைக் கிண்டலடிப்பவரிடம் வாதம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் கியர் உண்டு, மாற்றுவது கை இல்லை, அவ்வளவுதான். மின்பஸ்ஸில்தான் அதுவும் இருக்காது. சத்தமும் இருக்காது. அதனால்தான் ஐநா விதி 138 மணிக்கு 20 கி.மீ. வரைக்கும் செயற்கை ஒலி கேட்கிறது. தூணில் மறைந்த ஆளுக்கு பஸ் வருவது காதிலாவது விழட்டும் என்று.

பச்சைமனிதன் | இரவு 11:54
அந்த விதியில் தூண் எங்கேயும் கிடையாது.

மட்டுறுத்துநர் | நள்ளிரவு 12:05
பெயர்க் கிண்டலும் பழைய திரிப் பகையும் வேண்டாம். ஒருவர் மட்டுமே பத்துப் பதிவுக்குப் பக்கத்தில் போயிருக்கிறார், அவருக்கே தெரியும். தலைப்பை ஒட்டி எழுதுங்கள்.

ஐந்தாம்கியர் | நள்ளிரவு 12:07
தலைப்பே தூண்தான்.

சொல்லேருழவன் | நள்ளிரவு 12:09
தலைப்பில் "பஸ்" என்று இருக்கிறது. நிருவாகம் திருத்துமா?

கணக்கன் | நள்ளிரவு 12:16
கண்ணாடித் தாங்கி தூணோடு ஒட்டியே இல்லாத பஸ்கள் இருக்கின்றன. கை மேலே கூரை விளிம்பிலிருந்து முன்பக்கமாகத் தொங்கும். அந்த பஸ்ஸில் 25 செ.மீ. எப்படி வந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அண்ணே. நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.