நாலு தலையிலும் பேன், வீட்டில் உப்புத் தண்ணீர். என்ன செய்வது?

பாம்பன் அம்மா:
மூத்தவள் நாலாம் வகுப்பு, சின்னவளுக்கு மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஒட்டியதா, போன மாதம் கல்யாண வீட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் உருண்டதில் ஒட்டியதா தெரியவில்லை, இப்போது எனக்கும் மாமியாருக்கும் சேர்த்து நாலு தலையிலும் பேன். மருந்துக்கடையில் வாங்கிப் போட்டதில் ஒரு வாரம் நிம்மதி, பத்தாம் நாள் மறுபடி சொறிகிறாள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, ஷாம்பு நுரைக்காது, முடி சிக்குப் பிடித்து சீப்பு இறங்காது. நல்ல தண்ணீர் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், அதைத் தலைக்கு ஊற்ற மனசு வரவில்லை. மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசு, இல்லை மொட்டை போட்டுவிடு என்கிறார். பெரியவள் அழுகிறாள். கடலில் குளித்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

ராம்நாடு மருந்துக்கடை:
சீத்தாப்பழ விதை வேண்டவே வேண்டாம். பேன் சாகலாம், ஆனால் அந்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மண்ணெண்ணெயும் கூடாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசும் பழக்கமும் நம் பக்கம் உண்டு, சின்னவளுக்கு அதைச் செய்யாதீர்கள், கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும்.
நீங்கள் வாங்கியது பெர்மெத்ரின் என்கிற பேன் மருந்து 1 சதவீதமா என்று பாருங்கள். 5 சதவீதம் என்று இருந்தால் அது சொறி சிரங்குக்கான கிரீம், பலர் மாற்றி வாங்கிப் போகிறார்கள். தலையை அலசித் துண்டால் துவட்டி, ஈரம் இருக்கும்போதே தடவி, 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். இந்த மருந்துக்கு ஈர் முழுசாகச் சாகாது. தப்பிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும், உங்களுக்குப் பத்தாம் நாள் திரும்பி வந்தது அதனால்தான். ஆகவே 9ஆம் நாள் இன்னொரு தடவை, பேன் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில்.

கீழக்கரை லாத்தா:
தங்கச்சி, எங்கள் வீட்டில் மூன்று பொம்பளைப் பிள்ளைகள், முடி இடுப்புக்குக் கீழே, தண்ணீர்ப் பாடும் உங்களைப் போலத்தான். நான் எண்ணெயில்தான் வாரினேன். தேங்காய் எண்ணெயைத் தலை சொட்டச் சொட்ட வைத்தால் சிக்கு விடும், பேனும் சட்டென்று ஓடாது. முடியைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வேரிலிருந்து நுனி வரை பேன் சீப்பால் இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட்டம் இருக்கும். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் ஆகும், டிவியைப் போட்டு உட்கார வைத்துவிடுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்று வாரம். எண்ணெய்ப் பிசுக்கை உப்புத் தண்ணீரில் சீயக்காய் போட்டே எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு அரைக் குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். அப்புறம், மச்சான், அதான் உங்கள் வீட்டுக்காரர், அவர் தலையையும் பாருங்கள், அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையே!

சின்னப்பாலம்:
கடலில் குளித்தால் பேன் செத்துவிடும் என்றால் பாசி எடுக்கப் போகிற எங்கள் தலையில் ஒன்றுகூட இருக்கக் கூடாதே. நாள் பூராவும் தண்ணீரில்தான் கிடக்கிறோம். பேன் முடியைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் மூச்சை அடக்கிக் கிடக்கும்.

பாம்பன் அம்மா:
அவர் தலையிலும் இருக்கிறது :( போட்டில் எல்லாரும் தலையோடு தலை வைத்துத்தான் படுப்பார்களாம். நேற்று லாத்தா சொன்ன மாதிரி பெரியவளுக்கு வாரியதில் துணியில் முப்பதுக்கு மேல் எண்ணினேன். மொட்டை வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். பாய் தலையணை எல்லாம் துவைக்கவும் தண்ணீர் வேண்டுமே?

ராம்நாடு மருந்துக்கடை:
துவைக்கத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாள்கூடத் தாங்காது. தலையணை உறை, துண்டு, சீப்பு மட்டும் வெந்நீரில் போடுங்கள், பாயை மூன்று நாள் சுருட்டி வையுங்கள். அண்ணனுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டால் வாரும் வேலை மிச்சம், ஆனால் 9ஆம் நாள் அவர் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கிற நாளா என்று பார்த்து மருந்தைத் தொடங்குங்கள்.