திருகோணமலைக் கயிற்றில் வளர்ந்த நட்சத்திரக் கூட்டம்: லேபிளில் என்ன பெயர் எழுதலாம்?

ஹட்டன் டீச்சர்
வணக்கம். ஹட்டன் பக்கம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். என் அண்ணன் திருகோணமலையில் படகு திருத்துகிறார். தண்ணீரில் ஊறிக் கிடந்த ஒரு பழைய கயிற்றை இழுத்தபோது அதன் மேல் வழுவழுப்பான ஊதாப் படலம், அதில் சின்னச் சின்ன மஞ்சள் நட்சத்திரங்கள். போட்டோ எடுத்து அனுப்பினார். ஒரு துண்டை ஜாம் போத்தலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் கொடுத்தும் விட்டார். வந்து சேர்வதற்குள் நிறமெல்லாம் போய், கஞ்சி ஆடை மாதிரி வெளிறிவிட்டது.

பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்பஞ்சு என்கிறார்கள். ஒருத்தி பூஞ்சணம் என்றே அடம்பிடிக்கிறாள். (மழைக்காலத்தில் எங்கள் வகுப்புச் சுவரைப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.) இணையத்தில் உள்ள பொட்ரிலஸ் ஷ்லோசெரி என்ற கடல் விலங்கின் படங்களோடு அப்படியே ஒத்துப்போகிறது. அந்தப் பெயரையே எழுதிவிடலாமா? கையில் இருப்பது சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி ஒன்றுதான்.

கொட்டகலைப் பையன்
கடற்பஞ்சுதான் டீச்சர், சந்தேகமே இல்லை.

பண்டாரவளை
கொஞ்சம் பொறுங்க தம்பி. டீச்சர், உயிரோடு இருக்கும்போது விரலால் தொட்டதும் ஓட்டைகள் மூடினவா என்று அண்ணனிடம் கேளுங்கள். கடற்பஞ்சு அப்படிச் சட்டென்று சுருங்காது.

ஹட்டன் டீச்சர்
கேட்டேன். தொட்டவுடன் மூடிக்கொண்டதாம்.

பண்டாரவளை
அப்படியானால் அசிடியன், அதாவது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ணும் கடல் விலங்கு. அதுவும் கூட்டமாக வாழும் வகை. நட்சத்திரத்தின் ஒவ்வொரு இதழும் தனி உயிர், அதைச் சூயிட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீரை உள்ளிழுக்கத் தனி வாய் உண்டு. வெளியேற்றும் துளை மட்டும் நடுவில் எல்லோருக்கும் பொது. இப்படி வட்டமாக நின்றால் பொட்ரிலஸ் பக்கம் சாயலாம். நீண்ட இரட்டை வரிசையாக வளைந்து போனால் பொட்ரிலோயிடஸ் பக்கம்.

ஆனால் ஷ்லோசெரி என்ற இனப் பெயரை எழுதிவிடாதீர்கள். நிறத்தை நம்பவே கூடாது, ஒரே இனத்திலேயே ஊதா, செம்மஞ்சள், கறுப்பு எல்லாம் வரும். ஷ்லோசெரி என்ற பெயரும் லேசுப்பட்டதல்ல. 1766இல் பல்லாஸ் என்ற விலங்கியலாளர் அதை விவரித்தபோது மென்பவளக் கூட்டத்தில் சேர்த்து அல்சியோனியம் என்றுதான் எழுதினார். இப்போது மரபணுவைப் பார்த்தால் அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. அதில் ஒரு பிரிவை 2020இல் பொட்ரிலஸ் கையே என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். ஐரோப்பியக் கடலிலேயே இவ்வளவு குழப்பம் இருக்க, திருகோணமலைக் கயிற்றுக்கு அதே பெயரை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாதியை, அதாவது பொட்ரிலஸ் என்ற முதற் பெயரைக்கூட உறுதிப்படுத்த உள்ளே பார்க்க வேண்டும். சூலகம் விதைக்கு (விந்து உண்டாகும் உறுப்புக்கு) முன்னால் இருந்தால் பொட்ரிலஸ், பின்னால் இருந்தால் பொட்ரிலோயிடஸ் என்பது பழைய விதி. அதற்குக் கூட்டம் முதிர்ந்திருக்க வேண்டும். இன்னொரு தொல்லை: இவற்றில் ஏறக்குறைய வாரம் ஒருமுறை பழைய சூயிட்கள் எல்லாம் ஒன்றாகச் செத்து, மொட்டுகள் அந்த இடத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் எடுத்த துண்டாக இருந்தால் ஒன்றும் விளங்காது.

உங்கள் நுணுக்குக்காட்டியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சின்னத் துண்டைப் பிளீச்சில் போடுங்கள். தசை கரைந்த பிறகு, முள் முள்ளாகச் சுண்ணாம்பு உருண்டைகள் மிஞ்சினால் டைடெம்னம் குடும்பம். ஷ்லோசெரி பேச்சே வேண்டாம்.

ஹட்டன் டீச்சர்
செய்து பார்த்தோம். உருண்டை எதுவும் இல்லை, வெறும் கலங்கல்தான். இதுவும் நம்மைப் போல முதுகுநாண் உள்ள கோடேற்றா கணம் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. முதுகுநாண் எங்கே டீச்சர் என்கிறார்கள்.

பண்டாரவளை
குடம்பியின், அதாவது இளம் பருவத்தின் வாலில். தவளையின் வாற்பேத்தை போல நீந்தும், ஒட்டிக்கொண்ட பிறகு வாலோடு நாணையும் இழந்துவிடும். 1866இல் கொவலெவ்ஸ்கி என்ற விலங்கியலாளர் இதைக் காட்டும்வரை அசிடியன்களை மெல்லுடலிகளோடு சேர்த்து வைத்தவர்களும் உண்டு. பெரியவர்களே தடுமாறிய இடம், பிள்ளைகள் சிரிக்கட்டும்.

பேராதனை பழைய மாணவி
இடையில் ஒன்று. 1902இல் மன்னார் முத்துப் படுக்கைகளை ஆராய இங்கே வந்த ஹேர்ட்மன், அசிடியன்களில் பெரிய நிபுணர். சிப்பிக்காக வந்தவர் இவற்றையும் சேகரித்தார். 1906இல் வந்த அறிக்கைத் தொகுதியில் அசிடியன்களுக்கே தனிப் பகுதி இருக்கிறது. இலங்கை இனங்களை ஒப்பிட அங்கிருந்து தொடங்குங்கள், பெயர்கள் பல மாறியிருக்கும்.

பண்டாரவளை
நல்ல யோசனை. டீச்சர், இப்போதைக்கு "பொட்ரிலஸ் சாதியாக இருக்கலாம்" என்று எழுதி, இடம், திகதி, ஆழம், கயிற்றில் ஒட்டியிருந்தது என்பதையும் சேருங்கள். நிறம் போய்விட்டதால் போட்டோவும் போத்தலோடு இருக்கட்டும். அடுத்த முறை அண்ணன் இரண்டு துண்டு எடுக்கட்டும். ஒன்று மரபணுவுக்கு, 95 சதவீத எதனோலில். மற்றது வெட்டிப் பார்க்க: கடல்நீரில் மெந்தோல் (menthol) பளிங்கு போட்டு அது தளர்ந்த பிறகு, கடல்நீரில் கலந்த 10 சதவீத போர்மலினில். நேரே போட்டால் சுருண்டு இறுகிவிடும். சூலகம் எது, விதை எது என்று உங்களால் பிரிக்கவே முடியாது.