நீர்த்தாரை பட்ட விரலுக்குக் கட்டு மட்டும் போதுமா?

கேள்வி:
அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 200 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அழுத்த நீர்ப்பீச்சு இயந்திரத்தால் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் பணியை மேற்பார்வையிடுகிறேன். நேற்று உதவியாளர் ஒருவரின் விரலில் நீர்த்தாரை பட்டது. குண்டூசி குத்தியது போன்ற துளை மட்டுமே தெரிகிறது. வலியும் அதிகமில்லை என்கிறார். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாமா?

பதில் 1:
கூடாது ஐயா, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். துளை சிறியதாயினும், நீரும் அதனுடன் கலந்த எண்ணெயும் கிருமிகளும் தசைநாண் உறை (தசையை எலும்புடன் இணைக்கும் நாணைச் சுற்றியுள்ள உறை) வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கக்கூடும்; தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதுதான் இக்காயத்தின் வஞ்சகம். ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறையே உள்ளது. எத்தனை பார் அழுத்தம், தொட்டியில் என்ன இருந்தது என்பவற்றை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இல்லையெனில் சாதாரணக் குத்துக்காயம் என்று கருதி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பதில் 2:
சாதாரண ரப்பர் கையுறை இத்தாரையைத் தடுக்காது. பீச்சு முனையை மாற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிடியிலுள்ள விசையை (டிரிக்கர்) அழுத்திக் குழாயில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். விசை அழுந்தியே இருக்கும்படி அதைக் கம்பியால் கட்டிவைக்கும் வழக்கம் (நம் பட்டறைகளில் இது சகஜம்) இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆட்டோவில் அனுப்பிவிட்டேன், விவரச் சீட்டும் அவர் கையில் இருக்கிறது. கம்பி இருந்தது உண்மைதான்.