புதிதா, பழையதா? புத்தகம் தேடி வாங்கிய அனுபவங்கள்

அடிக்குறிப்பு

புத்தகம் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தாலே புதிது வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், பழையது வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் காசுதான் இதைத் தீர்மானிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது எந்த வகை நூல் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். சில வகைகளைப் பழையதாகத் தேடி வாங்குவதே நல்லது, சிலவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. அடிக்குறிப்பு என்ற பெயரில் நான் தொடங்கி வைக்கிறேன், நீங்களும் உங்கள் புனைபெயரைப் போட்டு உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

நான் படிப்பது பெரும்பாலும் வரலாறு. அதைப் பழையதாகத்தான் தேடுவேன், முக்கியமாக அதற்கு முன் அதை வைத்திருந்தவர்களுக்காக. ஒருமுறை பழைய புத்தகக் கடையில் கடற்பயணங்களின் வரலாறு ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். நின்றபடியே நாலைந்து குறிப்புகளைப் படித்தேன். நூலாசிரியர் ஓர் ஆண்டைச் சொல்லும் இடத்தில், வேறொரு நூலில் வேறு ஆண்டு இருக்கிறது என்று பக்க எண்ணோடு குறித்திருந்தார் அந்த வாசகர். கடைசி வெற்றுத் தாளில் அவர் மேற்கொண்டு படிக்க நினைத்த நூல்களின் பட்டியலும் இருந்தது.

அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனேன். அது என்னை நான் நினைத்தே பார்க்காத அலமாரிகளுக்கு அழைத்துப் போனது. மாலுமிகளைக் கொன்ற, எலுமிச்சையால் தடுக்க முடிந்த ஸ்கர்வி நோயைப் பற்றிய மருத்துவ வரலாறு ஒன்று. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்களைப் பற்றிய நூல் ஒன்று. எலுமிச்சையும் கடிகாரமும் கடல் வரலாற்றில் எவ்வளவு பெரிய இடம் பிடித்தவை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எந்த விற்பனைத் தளத்தின் பரிந்துரையும் இவற்றை என் முன் வைத்திருக்காது. அது நான் ஏற்கெனவே வாங்கியதைப் போன்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டும்.

குறிப்பு இல்லாத புத்தகமாக இருந்தாலும் துணைநூல் பட்டியல் இருக்கும் அல்லவா? ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு நூல்களை எடுத்து அவற்றின் பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வருகிற தலைப்புகளைத்தான் நான் முதலில் தேடுவேன். இப்படித் தேடி வாங்கியதில் பெரும்பாலானவை என்னிடம் நிலைத்துவிட்டன.

கடைசிப்பக்கம்

துப்பறியும் கதைகளுக்காக நான் பேசுகிறேன். எங்கள் வகைக்குப் பழைய புத்தகத்தில் ஒரு ஆபத்து உண்டு, கடைசியில் பக்கம் இல்லாமல் போவது. வரலாற்று நூலில் நாலு பக்கம் போனால் எப்படியாவது சமாளிக்கலாம். கொலை செய்தது யார் என்ற பக்கம் போனால் மொத்தமும் போச்சு.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். புத்தகங்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 பக்க ஃபாரங்களாக அச்சடித்து, மடித்து, அடுக்கப்படுகின்றன. தையல் போட்ட புத்தகத்தில் நூல் அறுந்தால் ஒரு ஃபாரம் முழுசாகக் கழன்றுவிடும். முதுகைச் சீவிப் பசை மட்டும் போட்டதில் பசை காய்ந்ததும் தாள் தாளாக உதிரும். அதனால் தையல் புத்தகமா, பசைப் புத்தகமா என்று முதலில் பார்ப்பேன். மேல் விளிம்பைப் பார்த்தாலே தெரியும், தையலில் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் பக்க எண்களை மட்டும் வேகமாக ஓட்டிப் பார்ப்பேன். முடிவு கண்ணில் படாமல் இருக்க உள்ளங்கையால் வரிகளை மறைத்துக்கொள்வேன்.

அப்படி ஓட்டியபோது ஒரு நாவலில் 272க்கு அடுத்து 289 வந்தது. சரியாக ஒரு ஃபாரம் காணோம். கடைக்காரரிடம் காட்டினேன். அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். உள்ளே போய்த் தேடி அதே நாவலின் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து, தானே ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் கடையை விட்டு நான் வேறெங்கும் முதலில் போவதில்லை.

புதுப் புத்தகத்திலும் இது நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே ஃபாரம் இரண்டு முறை கோத்து, இன்னொன்று விட்டுப்போயிருக்கும். புதியதென்றால் மாற்றிக்கொள்ள வழி உண்டு, அதனால் வாங்கிய அன்றே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

குவியலில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. 1935-ல் தொடங்கிய பெங்குவின் நிறுவனம் தன் ஆரம்பகால நூல்களுக்கு வகைவாரியாக நிறம் வைத்தது. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம். குவியலுக்குள்ளிருந்து ஒரு பச்சை முதுகு எட்டிப் பார்த்தால் என் கை தானாகவே அங்கே போய்விடும்.

விண்மீன்

அடிக்குறிப்பு அண்ணா சொன்னதற்கு நேர் எதிரான நிலை அறிவியலில். வானியல் நூலைப் பழையதாக எடுக்கும்போது நான் முதலில் திறப்பது புளூட்டோ இருக்கும் பக்கம். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஒன்பது கோள்கள் என்று நூல் சொன்னால் அதற்கு முன் எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. விண்மீன் கூட்டங்களை அடையாளம் காணச் சொல்லித்தரும் பழைய நூல் இன்றைக்கும் அப்படியே பயன்படும், வானம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனால் கோள்களின் துணைக்கோள்கள் எத்தனை, வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் எத்தனை என்பதற்கெல்லாம் புதியதுதான் வேண்டும்.

உலக வரைபட நூலுக்கும் இதே சோதனை. தெற்கு சூடான் தனி நாடாக இருந்தால் 2011க்குப் பிறகு வந்தது. சோவியத் ஒன்றியம் ஒரே நிறத்தில் பரந்து கிடந்தால் 1991க்கு முந்தையது. பிள்ளைகள் பாடத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் புதியதை வாங்குங்கள். உங்களுக்கென்று வாங்கினால் பழையதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோடுகள் எப்படி நகர்ந்தன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

மருத்துவம், சட்டம், வரி, கணினி மென்பொருள் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். மருந்தின் அளவு மாறியிருக்கும், சட்டம் திருத்தப்பட்டிருக்கும். கணிதம் இதற்கு விதிவிலக்கு. நல்ல வடிவியல் நூலுக்கு வயதே ஆவதில்லை.

குதிரைப்பாய்ச்சல்

சதுரங்க நூல் வாங்குகிறவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. பழைய ஆங்கில நூல்களில் நகர்வுகளை எழுதும் முறையே வேறு. கட்டத்துக்கு ஆட்டத் தொடக்கத்தில் அதன் நிரலில் நிற்கும் காயின் பெயரை வைத்து, ஆடுபவரின் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். 1981-லிருந்து உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அந்த முறையை ஏற்பதில்லை, இப்போது எழுத்தும் எண்ணும் சேர்ந்த முறைதான். ஒரு பழைய நூலைத் திறந்ததும் பலர் புரியவில்லை என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு வார இறுதி உட்கார்ந்தால் பழகிவிடும். தொடக்க ஆட்டங்களைப் பற்றியது என்றால் புதியதை வாங்குங்கள், அந்த ஆராய்ச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. இறுதி ஆட்டத்தைப் பற்றியது என்றால் பழையது தாராளமாகப் போதும்.

ஈரடி

நான் கவிதை வாசகி. வாழ்கிற கவிஞர்களின் தொகுப்புகளை எப்போதும் புதியதாகத்தான் வாங்குவேன். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பழைய பிரதி கைமாறும்போது எழுதியவருக்கு எதுவும் போவதில்லை. கவிதைத் தொகுப்புகள் குறைவான பிரதிகளே அச்சாகின்றன. அவை விற்றால்தான் பதிப்பாளர் அடுத்த தொகுப்புக்குத் துணிவார். நாவல் பிரியர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம், எங்களுக்குத் தெரியும்.

கவிதையைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். பல கவிஞர்கள் இடம்பெற்ற தொகைநூலை முதலில் பழையதாக வாங்குவேன். அதில் எந்தக் கவிதை மனதில் ஒட்டிக்கொள்கிறதோ அவருடைய தனித் தொகுப்பைப் புதிதாகத் தேடிப் போவேன். கடையில் கவிதை நூலை எடுத்தால் முதல் பக்கத்தைப் படிக்க மாட்டேன், அங்கே நல்ல கவிதையைத்தான் வைத்திருப்பார்கள். நடுவில் ஏதோ ஒரு பக்கம். அங்கே ஒரு வரி என்னை நிறுத்தினால் போதும்.

மொழிபெயர்ப்புக் கவிதை என்றால் பதிப்பு விவரப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரையும், மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, இடையில் வேறொரு மொழி வழியாக வந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத நூலை நான் வாங்குவதில்லை.

அச்சுப்பிழை

ஈரடி அக்கா சொன்ன அந்தப் பதிப்பு விவரப் பக்கம் பற்றி என் அனுபவம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண நூல் ஒன்றைப் புதிய மறுபதிப்பு என்று இணையத்தில் பார்த்து வரவழைத்தேன். அட்டை பளபளவென்று இருந்தது. உள்ளே எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. அடிக்குறிப்புகள் வாக்கியங்களின் நடுவில் வந்து நின்றன. பெரிய வரைபடத்தை விரிக்காமல் மடித்தபடியே ஸ்கேன் செய்திருந்தார்கள். பதிப்புரிமை முடிந்த நூலை எடுத்து, இயந்திரத்தைப் படிக்கவிட்டு, யாரும் சரிபார்க்காமல் ஆர்டர் வர வர அச்சடித்துக் கொடுக்கும் வேலை. இப்படிச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இதை அடையாளம் காண வழி உண்டு. முதலில் வெளிவந்த ஆண்டு எங்கும் இருக்காது. பதிப்பாசிரியர் பெயர், புது முன்னுரை எதுவும் இருக்காது. அட்டைப்படத்துக்கும் நூலுக்கும் சம்பந்தமே இருக்காது. இப்போதெல்லாம் பதிப்புரிமை முடிந்த நூல் என்றால் முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கிறதா என்று பார்த்துப் படிக்கிறேன். பிடித்துப்போனால் பழைய அசல் பிரதியைத் தேடுகிறேன். புதியது என்ற பெயரில் வரும் இந்த அச்சைவிட நூறு வயதான தாள் எவ்வளவோ மேல்.

எண்வரிசை

இணையத்தில் பழையது வாங்குகிறவர்கள் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். கெட்டி அட்டைக்கு ஒரு எண், சாதா அட்டைக்கு ஒரு எண், திருத்திய பதிப்புக்கு இன்னொரு எண். முழு நூலையும் சுருக்கிய நூலையும் பிரித்துச் சொல்வது பல சமயம் அது ஒன்றுதான். 1970-ல் இது உலகத் தரமானது, அதனால் அதற்கு முந்தைய நூல்களில் பொதுவாக இருக்காது. 2007 ஜனவரி 1 வரை 10 இலக்கம், பிறகு 13. பழைய 10 இலக்க எண்ணின் முன்னால் 978 சேர்த்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் கடைசிச் சோதனை இலக்கமும் மாறும்.

வேறு சில பதிப்பு விவரப் பக்கங்களில் 10 9 8 7 6 5 4 3 என்று ஒரு வரி இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் சிறிய எண் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். இங்கே அது மூன்றாவது அச்சு.

இன்னொன்று, பிரதியின் நிலையைச் சொல்லும்போது ஆங்கிலத் தளங்களில் 'குட்' என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொழிலில் அது நன்றாகப் பயன்படுத்தித் தேய்ந்த, ஆனால் பக்கம் குறையாத பிரதி. அதற்கு மேல் 'வெரி குட்', அதற்கும் மேல் 'ஃபைன்'. படிக்க வாங்கினால் 'குட்' போதும். பரிசாகக் கொடுக்க என்றால் மேலே போங்கள்.

அடிக்குறிப்பு

எல்லாருக்கும் நன்றி. விண்மீன் சொன்ன வரைபட நூல் யோசனையை உடனே செய்யப்போகிறேன். ஒரு கேள்வி. பழைய பிரதிகளோடு புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பழுப்புத்தாள்

அந்தப் பயம் நியாயமானதுதான் அண்ணா. நான் பழைய பிரதிகளை நேராக அலமாரியில் வைப்பதே இல்லை. வெளியே வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டி, முதுகின் உட்பக்கத்தைப் பார்ப்பேன். பசையும் மாவும் இருக்கும் அந்த இடத்தைத்தான் பூச்சி தேடும். புதிய தூள் உதிர்ந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இறுக மூடி, ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். நூலகங்கள் சுமார் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் போல வைக்கின்றன. வீட்டு ஃப்ரீசர் அவ்வளவு குளிராது என்பதால் நான் இரண்டு வாரம் விடுவேன். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். தோல் பைண்டிங் போட்ட அரிய நூல்களை மட்டும் இப்படி வீட்டில் செய்ய வேண்டாம்.

பழுப்பைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் மிச்சமிருக்கும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் அமிலமும்தான் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கின்றன. அதற்கு முந்தைய, கந்தல் துணியில் செய்த தாள் பல இடங்களில் இன்னும் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கலாம். பழைய புத்தகத்தின் அந்த இனிப்பான வாசனைக்குக் காரணங்களில் ஒன்று லிக்னின் சிதையும்போது வரும் வனிலின், வெனிலா மணம் தரும் அதே பொருள். பக்க மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் பல ஆண்டுகள் படிக்கலாம். ஒடிந்தால் அது படிக்க வாங்கும் பிரதி இல்லை.

பூஞ்சை விஷயத்தில் மட்டும் நான் இரக்கமே காட்டுவதில்லை. ஈர வாசனை வந்து, பக்கத்தில் பொசுபொசுவென்று ஏதாவது படிந்திருந்தால் எவ்வளவு அரிய நூலாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அது பக்கத்தில் இருக்கும் நூல்களுக்கும் பரவும், மூச்சுக்கும் ஆகாது. காய்ந்த பழுப்புப் புள்ளிகள் வேறு, அவை தடவினாலும் கையில் ஒட்டாது. அவற்றை நான் தைரியமாக வாங்குகிறேன்.