வீட்டுக்காரர் மாலை போடறார், நான் அம்மா வீட்டுக்குப் போகணுமா?

புதுப்பொண்ணு (திண்டுக்கல்):
ஆனியில கல்யாணம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயிட்டாங்க. தலை தீபாவளி முடிஞ்சு இப்பதான் வந்தோம். வந்ததும் "கார்த்திகை ஒண்ணு சபரிமலைக்கு மாலை போடறேன், இது ஆறாவது வருஷம்"னு சொல்றார். அதுல குறை சொல்லலை. ஆனா அத்தை, "41 நாளும் உங்கம்மா வீட்ல இரு"ங்கறாங்க. எங்கம்மாவோ, "ஆடியிலதானே வந்த, திரும்ப வந்தா தெருவுல என்ன நினைப்பாங்க?"ங்கறாங்க. புருஷன் பொண்டாட்டியா இருக்கக் கூடாதுன்னு தெரியும். ஒரே வீட்லயே இருக்கக் கூடாதா? வீட்டுக்குத் தூரமான நாள்ல (மாதவிலக்குல) என்ன செய்றது? கீழ ஒரு ரூம், மாடியில ஒரு ரூம், அவ்வளவுதான் வீடு. இன்னொண்ணு, அவரை எப்படிக் கூப்பிடறது?

சாமி வீட்டம்மா (கரூர்):
"சாமி"ன்னுதான் கூப்பிடணும். ரெண்டு நாள் சிரிப்பு வரும், அப்புறம் பழகிடும். அவர் உன்னை "மாளிகைப்புறம்"னு கூப்பிடுவார். மாளிகைப்புறத்தம்மன் கதை தெரியுமில்ல? என்னைக் கட்டிக்கோன்னு கேட்டவளுக்கு, கன்னிசாமி (முதல் தடவை மலைக்கு வர்றவர்) வராத வருஷம் கட்டிக்கிறேன்னு ஐயப்பன் சொன்னாராம். அவளும் வருஷா வருஷம், கன்னிசாமிங்க சரம் குத்தற இடமான சரங்குத்தி வரைக்கும் போய், புதுச் சரம் குத்தியிருக்கிறதைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றா. பேரைச் சரியாத்தான் வச்சிருக்காங்க!

எங்க வீட்டுக்காரர் 18 மலை (18 வருஷம்) முடிச்சு, சன்னிதானத்துல தென்னங்கன்னு வச்சுட்டு வந்தவர். முதல் வருஷம் என்னையும் அம்மா வீட்டுக்கு அனுப்பினாங்க. இருமுடி கட்டற அன்னைக்கு விருந்தாளி மாதிரி வந்து நின்னேன், பூஜை சாமான் எந்த டப்பாவுல இருக்குன்னுகூடத் தெரியலை. அடுத்த வருஷத்துலேர்ந்து நகரவே இல்லை. ஏன்னா விரதம் அவருக்கு மட்டும் இல்லை. விடிகாலைல அவர் பச்சைத் தண்ணியில குளிக்கறார்னா, அதுக்கு முன்னாடி நீ குளிச்சாத்தான் அடுப்பைப் பத்த வைக்க முடியும். கார்த்திகைக் குளிர்ல எழுந்து பாரு, யார் விரதம்னு தெரியும். அசைவம் மொத்த வீட்டுக்கும் கிடையாது. அவர் பாயில படுக்கணும், தலையணை கிடையாது. நீ கட்டில்ல காலை நீட்டிப் படு, யாரும் கேக்க மாட்டாங்க.

தூரமான நாள்ல எங்க வீட்டுச்சாமி குருசாமி வீட்ல தங்கி, அங்கேயே சாப்பிட்டுக்குவார். உங்களுக்குத்தான் மாடி ரூம் இருக்கே.

மூணாவது வாரம் காரணமே இல்லாம ஒரு சண்டை வரும். கோபப்படக் கூடாதுன்னு அவருக்குத்தான் விதி, உனக்கில்லை. ஆனா பாவம், விட்டுடு.

குருசாமி (பழனி):
கரூர் அம்மா சொன்னது சரி. பிரம்மச்சரியம்தான் விதி, மனைவியை வீட்டை விட்டு அனுப்பணும்னு எங்க குழுவுல சொல்றதில்லை. இருமுடிக்கு வீட்டாரும் அரிசி போடணும், மூணு கைப்பிடி. கிளம்பும்போது வாசல்ல தேங்காய் உடைச்சதும் சாமி திரும்பிப் பார்க்காமப் போவார். "போயிட்டு வர்றேன்"னு சொல்ல மாட்டார், நீங்களும் பின்னாடி கூப்பிட்டுடாதீங்க. செல்போன் மறந்திருந்தாலும் சரி. அவர் திரும்பி வர்ற வரைக்கும் சாயங்கால விளக்கு உங்க பொறுப்பு. வந்தப்புறம் மாலையைத் தானே கழட்டக் கூடாது, குருசாமியோ, மாலை போட்ட சாமியோட அம்மாவோ கழட்டணும். மாலை கழட்டற வரைக்கும் விரதம் விரதம்தான், மலை இறங்கிட்டாலும்.

மேலப்பாளையம் அக்கா:
எங்க ரம்ஜான் நோன்புல, புருஷன் பொண்டாட்டி சேரக் கூடாதுங்கற இந்தச் சிக்கல் பகலுக்கு மட்டும்தான். நோன்பு திறந்துட்டா ராத்திரிக்குத் தடையில்லைன்னு குர்ஆன்லயே (2:187) இருக்கு. பகல்ல மீறினா பரிகாரமா ரெண்டு மாசம் தொடர்ந்து நோன்பு வைக்கணும், முடியாதவங்க 60 ஏழைகளுக்குச் சாப்பாடு போடணும். ஆனா ரம்ஜான்ல ஸஹருக்கு (விடியறதுக்கு முன்னாடி சாப்பிடற சாப்பாட்டுக்கு) மூணரை மணிக்கு எழுந்து சமைக்கிறவளுக்கு ராத்திரி தூக்கம்தாம்மா பெருசு!

புதுப்பொண்ணு:
அக்காமார் ரெண்டு பேருக்கும் நன்றி, குருசாமிக்கும். நேத்து அவர்கிட்டயே கேட்டேன். "நீ போயிட்டா விளக்கு யார் ஏத்துவா?"ன்னார். அத்தை காதுல விழற மாதிரிதான் சொன்னார். அத்தை ஒண்ணும் சொல்லலை, காலைல பரண்லேருந்து பழைய பித்தளை விளக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. மாடி ரூம் அவருக்குன்னு முடிவாயிடுச்சு. கட்டில் எனக்கு.



சாமி வீட்டம்மா:
மாடி ரூம்ல கொசு இருக்கான்னு இப்பவே பார்த்துடு. 41 நாளும் அதையே சொல்லுவார்.