பேங்க் மெசேஜில் கிரெடிட், டேலியில் டெபிட்: எது சரி?

எம்.சி. ரோடு பில்லிங்:
வணக்கம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. இதுவரை பில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது கணக்கும் என் தலையில். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சூரத் பார்ட்டி ஒருத்தர், "உங்கள் அக்கவுண்டை 8,400 ரூபாய்க்கு டெபிட் செய்துவிட்டோம், லாரி வாடகை" என்று வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் போட்டிருந்தார். நம்ம பேங்கிலிருந்து அவன் எப்படிக் காசு எடுப்பான் என்று முதலாளி ஒரே குதி. போனைப் பார்த்தால் பேங்க் மெசேஜ் எதுவும் வரவில்லை, பேலன்ஸும் அப்படியே இருக்கிறது. பார்ட்டியைக் கேட்டால், "ஆமா, டெபிட் பண்ணியாச்சு" என்கிறார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பணம் வந்தால் பேங்க் மெசேஜில் கிரெடிட் என்று வருகிறது, அதையே எங்கள் கணக்கு சாஃப்ட்வேரான டேலியில் ஏற்றினால் பேங்க் லெட்ஜரில் (பேங்குக்கான பேரேட்டில்) டெபிட் பக்கம் போய் உட்காருகிறது. பதில் இங்கிலீஷில்தான் போட வேண்டும், எந்த வார்த்தையை எங்கே போடுவது? நான் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மின்ட் தெரு கணக்கர்:
முதலில் முதலாளியை உட்காரச் சொல்லுங்கள் தம்பி, ஒரு பைசா போகவில்லை. சூரத்காரர் அக்கவுண்ட் என்று சொல்வது உங்கள் பேங்க் அக்கவுண்டை இல்லை, அவருடைய லெட்ஜரில் உங்கள் கடை பெயரில் இருக்கும் பக்கத்தை. அங்கே டெபிட் போட்டால், நீங்கள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி 8,400 ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பேங்க் சமாசாரமும் இதேதான். மெசேஜும் பாஸ்புக்கும் பேங்கின் புத்தகம். நீங்கள் 50,000 போட்டால் பேங்க் உங்களுக்குத் தர வேண்டியவர் ஆகிவிடுகிறது, அதனால் அவர்கள் புத்தகத்தில் உங்களுக்குக் கிரெடிட். டேலி உங்கள் புத்தகம். அதில் பேங்க் உங்களுக்குப் பாக்கி வைத்திருக்கிற ஆள், எனவே டெபிட். இரண்டும் சரி. ஓவர் டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல், எடுத்திருந்தால் இது அப்படியே தலைகீழாகும், ஸ்டேட்மென்ட்டில் பேலன்ஸ் பக்கத்தில் டிஆர் (டெபிட்) என்று வரும், உங்கள் லெட்ஜரில் கிரெடிட் பேலன்ஸ் நிற்கும்.

அப்புறம் லாரி ஆபீஸ் கொடுத்த எல்.ஆரை (லாரி ரசீதை) எடுத்துப் பாருங்கள். "டு பே" என்று போட்டிருந்தால் வாடகையைச் சரக்கு எடுக்கும்போதே இங்கே கட்டியிருப்பீர்கள், அவர் மறுபடி கேட்க முடியாது. "பெய்ட்" என்றால் அவர் அங்கே கட்டியிருக்கிறார், வாடகை யாருடையது என்று ஆர்டரின்போது பேசியதுதான் கணக்கு.

பெரம்பூர் டியூஷன் அக்கா:
தமிழ் மீடியம் பிள்ளைகளும் இதில்தான் தடுக்கி விழுவார்கள். பாடப் புத்தகத்தில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. ஆனால் வீட்டில் வரவு செலவு என்றால் வரவு கைக்கு வந்த காசு. உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே போவதை வரவு வை என்று விதி படித்ததும், வந்தது எப்படி மிஸ் பற்றாகும் என்று கேட்கும்! நியாயமான கேள்விதான். இரட்டைப் பதிவு முறையை விளக்கி லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட காலத்திலிருந்தே இது ஆள் கணக்கு, யார் யாருக்குப் பாக்கி என்கிற கணக்கு. லத்தீனில் டெபிட்டின் வேர் கடன்படுவது, கிரெடிட்டின் வேர் நம்புவது. டெபிட் என்றாலே காசு போச்சு என்று நம்மைப் பழக்கியது ஏடிஎம் கார்டும் மெசேஜும்தான்.

இங்கிலீஷில் எழுதும்போது பணத்தைச் சொன்னால் "கிரெடிட்டட் டு", "டெபிட்டட் ஃப்ரம்". அக்கவுண்டைச் சொன்னால் "டெபிட்டட் வித் 8,400".

ராயபுரம் ரவுண்டானா:
அக்கா சொல்வது சரி, ஆனால் கடை வேலைக்கு நான் சொல்வேன், பணம் அனுப்பினால் இந்த இரண்டு வார்த்தையையும் தொடாதீர்கள். "பெய்ட்" என்று போட்டு, தொகை, தேதி, யுடிஆர் நம்பர் (பணம் அனுப்பியதற்குப் பேங்க் தரும் நம்பர்), முடிந்தது. நீங்கள் டெபிட் என்று எழுதினால் அவருக்குத் தர வேண்டிய பாக்கியில் கழித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு போன் போடுவார்.

பேங்குக்குப் புகார் எழுதும்போது மட்டும் இந்த வார்த்தைகள் துல்லியமாக வேண்டும். நம்ம கணக்கிலிருந்து பணம் போய், எதிராளிக்குச் சேரவில்லை என்றால் "டெபிட்டட் பட் நாட் கிரெடிட்டட்". ரிசர்வ் பேங்கின் 2019 உத்தரவுப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பும் யுபிஐயில் அந்தப் பணம் மறுநாளுக்குள் திரும்பியாக வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு.

எம்.சி. ரோடு பில்லிங்:
எல்லோருக்கும் நன்றி. எல்.ஆரில் "டு பே" என்றே இருக்கிறது, நாங்கள் வாடகை கட்டிய ரசீதும் ஃபைலில் கிடைத்தது. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பி, 8,400க்குக் கிரெடிட் நோட் (ஏற்றிய பாக்கியைக் கழிக்கும் சீட்டு) கேட்டிருக்கிறேன். போடுகிறேன் என்கிறார். இப்போது முதலாளி, அந்த 8,400 எப்போது பேங்குக்கு வரும் என்று கேட்கிறார்.

மின்ட் தெரு கணக்கர்:
வராது தம்பி, நீங்கள்தான் இன்னும் கொடுக்கவே இல்லையே. ஏற்றிய பாக்கி இறங்கும், அவ்வளவுதான். கிரெடிட் நோட் வந்ததும் சூரத் லெட்ஜர் காப்பி ஒன்று வாங்கி உங்கள் டேலியோடு ஒத்துப் பாருங்கள்.