சொல் தேவை: மோவாய்க்கு அடியில் கொழுப்பு எடுக்கும் அறுவை சிகிச்சை

கோவை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முகவாய்க்குக் கீழும் முன்கழுத்திலும் சேரும் கொழுப்பை மெல்லிய குழாய் வழியாக வெளியே எடுக்கும் லைப்போசக்‌ஷன் பற்றியது. மயக்க மருந்து, தையல், கட்டு எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். "லைப்போசக்‌ஷன்" என்றே எழுதிவிடலாம் என்கிறார் நிர்வாகி. நோயாளி என்ன கையெழுத்திடுகிறார் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டாமா? "கொழுப்பு உறிஞ்சல்" என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஏதோ இடிக்கிறது. அதோடு "டபுள் சின்" என்பதற்கும், உள்ளே மருந்து நீர் ஏற்றித் திசுவைப் புடைக்கச் செய்யும் முறைக்கும் சொல் வேண்டும்.

வேறு ஒரு விஷயம். விளம்பரத்தில் "கழுத்துச் செதுக்கல்" என்று பார்த்தேன். அதைப் படிவத்தில் போட எனக்கு மனம் வரவில்லை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

> தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்

அம்மா, தமிழில் கொழுப்புக்கு நிணம் என்ற அழகான சொல் சங்க காலம் தொட்டு இருக்கிறது. கழுத்துக்கு மிடறு. சிவபெருமானைக் கறைமிடற்றன் என்கிறோமே. ஆகவே "மிடற்று நிணவாங்கல்" என்று வைக்கலாம். சுருக்கம், செறிவு, பழமை மூன்றும் அமைகின்றன. "கொழுப்பு" என்றால் ஊரில் வேறு பொருளும் உண்டு. "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்று ஒரு பெண்ணிடம் படிவத்திலேயே சொல்லலாமா!

புடைக்கச் செய்யும் முறையை "விம்மல் முறை" எனலாம்.

நாமக்கல், கால்நடை மருத்துவர் எழுதியது:

கழுத்தடியில் தொங்கும் சதைக்கு எங்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: அலைதாடி. கிர், சாகிவால் மாடுகளுக்குப் பெரிதாகத் தொங்கும். காங்கேயத்துக்குச் சிறியது. இரட்டைத் தாடைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

(அடிக்க வராதீர்கள். மாட்டின் அலைதாடி மடிந்த தோல்தான், கொழுப்பு மூட்டை அல்ல என்பது எனக்கும் தெரியும்.)

சென்னை, ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் எழுதியது:

அலைதாடி என்று எழுதிய படிவத்தை என் நோயாளியிடம் நீட்டினால் அன்றோடு என் தொழில் முடிந்தது. ஆனால் நண்பர் அடைப்புக்குறிக்குள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆசிரியர் ஐயாவுக்கு. நிணம் நல்ல சொல்தான், ஆனால் கையை விட்டுப் போய்விட்டது. இன்று மருத்துவத் தமிழில் நிணநீர், நிணநீர்க்கணு என்று வேறொரு மண்டலத்துக்கே அதைக் கொடுத்துவிட்டோம். அந்த நிணநீர்க்கணுக்கள் மிகுதியாக இருக்கும் இடங்களில் ஒன்று இதே கழுத்து. மோவாய்க்கு அடியிலேயே சில உண்டு. "மிடற்று நிணவாங்கல்" என்று எழுதினால், புற்றுநோய்க்காகக் கழுத்துக் கணுக்களை அகற்றுகிறார்கள் என்று ஒரு செவிலியரே நினைக்கலாம். மிடறும் அப்படித்தான். இன்றைக்கு வீட்டில் யாரும் "மிடறு வலிக்கிறது" என்பதில்லை, "ஒரு மிடறு தண்ணீர் குடி" என்றுதான் சொல்கிறோம்.

"கொழுப்பு உறிஞ்சல்" ஏன் இடிக்கிறது என்று கோவை அம்மா கேட்டார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் சிறுகுடல் என்ன செய்கிறது? உணவிலுள்ள சத்தை உறிஞ்சுகிறது. "கொழுப்பு உறிஞ்சல்" என்றால் உடல் கொழுப்பை உள்ளே வாங்கிக்கொள்வது என்று ஒரு மாணவர் படிப்பார். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். உறிஞ்சுவதோடு வேலை முடிவதில்லை, வெளியே எடுக்கிறோம். அந்த "எடுத்தல்" பெயரில் இல்லாமல் போவதுதான் குறை.

என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

மோவாய்க்குக் கீழே தோல். தோலுக்கு அடியில் ஓர் அடுக்குக் கொழுப்பு. அதற்கும் அடியில் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய, அகன்ற தசை, தாடையிலிருந்து மார்பின் மேற்பகுதி வரை விரிந்திருக்கும். அந்தத் தசைக்குக் கீழேயும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. குழாயால் எடுப்பது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள அடுக்கை மட்டும். மோவாயின் அடி மடிப்பில் ஒரு சிறு கீறல், தேவைப்பட்டால் இரு காதுமடல்களுக்குப் பின்னும் ஒவ்வொன்று. உடலின் மற்ற இடங்களுக்கு எடுத்துக்கொள்வதைவிடச் சன்னமான குழல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். அதை விசிறி போல் பல திசைகளில் முன்னும் பின்னும் ஓட்டுவோம். குழலின் துளை தோலைப் பார்க்காமல் உள்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலின் அடிப்பக்கம் காயப்பட்டு, ஆறும்போது மேடுபள்ளமாகிவிடும். வெளியே வருவது பெரும்பாலும் சில பத்து மில்லிலிட்டர், அவ்வளவுதான். வயிற்றில் எடுப்பதுபோல் லிட்டர் கணக்கெல்லாம் இல்லை. உடல் எடையில் இது தெரியவே தெரியாது. ஆகையால் "மெலிவு", "இளைப்பு" என்ற சொற்கள் பெயருக்குள் வரவே கூடாது.

தாடையோரமாக, பிளாட்டிஸ்மாவுக்கு அடியில் முகநரம்பின் ஒரு கிளை ஓடுகிறது. கீழுதட்டின் ஓரத்தைக் கீழே இழுப்பது அதன் வேலை. அது அடிபட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் அந்த நாட்களில் நோயாளிக்கு வேறு எதுவும் தெரியாது, அந்தக் கோணல்தான் தெரியும். இதைப் படிவத்தில் தனி வரியாகப் போடுங்கள், சிறு எழுத்தில் வேண்டாம்.

இனி அலைதாடி. கழுத்தடி தொங்குவதற்குக் கொழுப்பு மட்டுமே காரணம் இல்லை. தோல் தளர்ந்திருக்கலாம். பிளாட்டிஸ்மாவின் முன்விளிம்புகள் விலகி, கழுத்தில் இரண்டு கயிறுகளாகத் தெரியலாம். தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் இறங்கியிருக்கலாம். மோவாய் எலும்பே பின்வாங்கியிருந்தால் ஒல்லியான இருபது வயதுப் பெண்ணுக்கும் இரட்டைத் தாடை தெரியும். இவற்றில் கொழுப்பு ஒன்றுக்குத்தான் குழாய் பதில். தோல் தளர்ந்தவருக்குக் கொழுப்பை மட்டும் எடுத்தால் தொங்கல் கூடும், அதுவரை கொழுப்பு மறைத்திருந்த தசைக்கயிறும் துருத்திக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் "கழுத்துச் செதுக்கல்", "கழுத்தழகு சிகிச்சை" போன்ற பெயர்கள் எனக்கு ஆகாது. விளைவைப் பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, பக்கம் நான்கில் "விளைவு ஆளுக்கு ஆள் மாறும்" என்று எழுதுவது என்ன நியாயம்? எதை எடுக்கிறோம், எங்கிருந்து, எப்படி, இந்த மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

யாழ்ப்பாணம், மருத்துவ விரிவுரையாளர் எழுதியது:

டொக்டர் சொன்னது சரி. ஆனால் "மோவாய்" என்று எங்கட ஊரில் சொன்னால் வயதான ஆக்கள்கூடச் சற்று யோசிப்பினம். எங்களுக்கு அது நாடி. "நாடிக்குக் கீழ" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அறுவை சிகிச்சைக்கும் நாங்கள் சத்திரசிகிச்சை என்றுதான் எழுதுகிறோம்.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்து, உடற்கூற்றுக்கும் சத்திர வைத்தியத்துக்கும் தமிழில் நூல்கள் ஆக்குவித்தவர். அந்த மாணவர்கள் நோயாளியோடு நோயாளியின் சொல்லிலேயே கதைத்திருப்பார்கள். படிவத்துக்கும் அந்த அளவுகோல்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

மதுரை, தமிழாசிரியர்:

நாடி எங்கள் தென்மாவட்டங்களிலும் உண்டு. "நாடியைப் பிடித்துக் கெஞ்சினான்" என்போம். ஆனால் மருத்துவர் கையில் நாடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மணிக்கட்டுத் துடிப்பு. போதாக்குறைக்கு "இரட்டை நாடிச் சரீரம்" என்றால் பருத்த உடல்வாகு. டபுள் சின்னுக்கு "இரட்டை நாடி" என்று எழுதினால் தெற்கே இருப்பவர் ஆளே குண்டு என்று படித்துவிடுவார்.

நிணத்தை விட்டுக்கொடுக்கிறேன். இலக்கணத்துக்கு வருவோம். மருத்துவர் கேட்கும் "எடுத்தல்" சேர வேண்டுமென்றால் கண்டெடுப்பு, தேர்ந்தெடுப்பு என்ற வாய்பாடு இருக்கிறது. கண்டு, தேர்ந்து போல உறிஞ்சு என்ற வினையின் எச்சம் உறிஞ்சி. எனவே "உறிஞ்சியெடுப்பு". "உறிஞ்செடுப்பு" என்று யாராவது சுருக்கினால் நான் சண்டைக்கு வருவேன்.

இடத்துக்கு மரத்தடி, காலடி போல மோவாயடி. அடிவயிறு போல "அடிமோவாய்" எனலாமா என்று யோசித்தேன். அது மோவாயின் கீழ்ப்பகுதியைத்தான் சொல்லும், மோவாய்க்குக் கீழுள்ள வெளியைச் சொல்லாது. மோவாயடியே சரி.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

மோவாயடிக் கொழுப்பு உறிஞ்சியெடுப்பு. வாயில் சொல்லிப் பார்த்தேன், நீளம்தான். ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னதற்காக, முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை "மோவாய் (முகவாய், நாடி)" என்று போட்டுவிடுகிறேன். மூன்று ஊருக்கும் ஆயிற்று.

டாக்டர், இரண்டு சந்தேகம். ஊசி போட்டுக் கொழுப்பைக் கரைப்பதற்கும் இதே பெயரைப் போடச் சொல்கிறார் நிர்வாகி, ஒரே படிவத்தில் முடித்துவிடலாமாம். அடுத்து, "விம்மல் முறை" சரியா?

சென்னை, மருத்துவர்:

ஒரே படிவமா? கூடவே கூடாது. ஊசியில் இருப்பது டியாக்ஸிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இயல்பாகவே இருக்கும் அமிலந்தான், குடலில் கொழுப்பைச் சிதைக்க உதவுகிறது. மோவாயடிக் கொழுப்புக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் அதற்கு ஒப்புதல் தந்தது. அது கொழுப்புச் செல்லின் சவ்வை உடைக்கிறது, மிச்சத்தை உடலே மெல்ல அப்புறப்படுத்துகிறது. அங்கே எதையும் உறிஞ்சுவதில்லை, எடுப்பதுமில்லை. "கொழுப்புக் கரைப்பு ஊசி" என்று தனியாக இருக்கட்டும். அதே ஆண்டு குளிரால் கொழுப்பை உறையவைக்கும் கருவிக்கும் இந்த இடத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு "உறைவிப்பு". மூன்றையும் "கொழுப்புக் கரைத்தல்" என்று ஒரே பெயரில் விற்பதால்தான், ஊசிக்கு வந்தவர் கீறலைப் பார்த்துப் பதறுகிறார்.

விம்மல் பிரமாதம், ஐயாவுக்கு நன்றி. இந்த முறை வருவதற்கு முன் எடுத்ததில் கணிசமான பங்கு இரத்தமாகவே இருந்த காலம் உண்டு. 1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் குழலால் கொழுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். பாரிஸில் இல்லூஸ் 1977இல் ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியைப் பெரிய தழும்பில்லாமல் எடுக்க மழுங்கிய முனைக் குழலைப் பயன்படுத்தினார். கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் க்ளைன் 1980களின் நடுவில்தான் உப்புநீரில் நீர்த்த லிடோகைனையும் அட்ரினலினையும் கலந்து, திசு விறைக்கும் வரை ஏற்றும் வழியைக் கொண்டுவந்தார். அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, லிடோகைன் மரத்துப்போகச் செய்கிறது. முழு மயக்கம் இல்லாமலே இதைச் செய்ய முடிவது அதனால்தான்.

இதை "வீக்கமேற்றும் முறை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அறுவைக்குப் பின் வரும் வீக்கம் வேறு, நாங்களே முன்கூட்டி உண்டாக்கும் விம்மல் வேறு. "வீக்கம் எப்போது வடியும்?" என்று நோயாளி கேட்கும்போது இரண்டும் கலந்துவிடும். ஏற்றும் திரவத்தை "விம்மல்நீர்" எனலாம். லிடோகைனை மட்டும் தமிழாக்க வேண்டாம், ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்:

விம்மல் என்றால் அழுகையும்தானே? ஆனாலும் வேறு நல்ல சொல் எனக்கும் வரவில்லை. போகட்டும்.

மதுரை, தமிழாசிரியர்:

நெஞ்சு விம்மினால் அழுகை. திசு விம்மினால் மருத்துவர் பாடு.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

படிவத்தின் முதல் பத்தி இப்படி அமைந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"மோவாயடிக் கொழுப்பு உறிஞ்சியெடுப்பு (லைப்போசக்‌ஷன்): மோவாய்க்குக் (முகவாய், நாடி) கீழேயும் முன்கழுத்திலும் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதியை மெல்லிய குழல் வழியாக உறிஞ்சி வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சை. இதற்குமுன் அவ்விடத்தில் விம்மல்நீர் (லிடோகைன், அட்ரினலின் கலந்த உப்புநீர்) ஏற்றப்படும். இது உடல் எடையைக் குறைப்பதற்கான சிகிச்சை அல்ல. தளர்ந்த தோலையோ விலகிய கழுத்துத் தசையையோ இது சரிசெய்யாது. சிலருக்குக் கீழுதடு ஒரு பக்கம் தற்காலிகமாகக் கோணலாம்."

அறுவைக்குப் பின் தலையைச் சுற்றி மோவாயோடு சேர்த்து அணியும் அழுத்தப் பட்டைக்கு "மோவாய்க்கட்டு" என்று போட்டிருக்கிறேன்.

சென்னை, மருத்துவர்:

"கோணலாம்" என்பதற்கு முன் "தற்காலிகமாக" போதாது. "பெரும்பாலும் தற்காலிகமாக" என்று மாற்றுங்கள். அரிதாகச் சிலருக்கு அது நீடிக்கிறது. மோவாய்க்கட்டு நன்று. மற்றபடி அச்சுக்கு அனுப்பலாம்.